பிரீவீல்: மிதிவண்டிப் பின்சக்கரத்தின் வரலாறும் பழுதுநீக்கமும்

பிரீவீல் என்பது மிதிவண்டியின் பின்சக்கர ஹப்பில், செயின் சுற்றும் பற்சக்கரத்தோடு சேர்ந்து அமைந்த ஒருவழிச் சுழல் அமைப்பு. முன்னோக்கி மிதித்தால் பற்சக்கரம் ஹப்பைப் பற்றிக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றும். மிதிப்பதை நிறுத்தினால் பிடி விட்டு, பெடல் அசையாமல் இருக்கச் சக்கரம் மட்டும் உருளும். உள்ளங்கையில் அடங்கும் இந்த இரும்பு வட்டு பற்றுவதை நிறுத்திவிட்டால், டயர், செயின், பிரேக் எல்லாம் நன்றாக இருந்தும் வண்டி நகராது. பெடல் முன்னும் பின்னும் சும்மா சுற்றும். தமிழகச் சைக்கிள் கடைகளில் பஞ்சருக்கு அடுத்தபடியாக அறியப்பட்ட பழுதுகளில் இதுவும் ஒன்று. காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் போன்ற காவிரிக் கழிமுகக் கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றும் மணலும் இப்பழுதை விரைவுபடுத்துகின்றன.

அமைப்பு

பிரீவீலில் இரண்டு முதன்மை உறுப்புகள் உண்டு. முதலாவது உள்வளையம். இது ஹப்பின் மரையில் முறுக்கப்பட்டு ஹப்போடு ஒன்றாக நிற்பது. இதன் வெளிப்புறத்தில் வெட்டப்பட்ட பள்ளங்களில் பொதுவாக இரண்டு சிறு இரும்பு நாக்குகள் அமர்ந்திருக்கும். ஒவ்வொரு நாக்கையும் மயிரிழை போன்ற ஒரு கம்பிச் சுருள் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டாவது வெளிவளையம். இதன் வெளிப்புறத்தில் செயின் பற்களும், உட்புறத்தில் ரம்பம் போல ஒருபக்கம் சாய்ந்த பற்களும் இருக்கும். இரு வளையங்களுக்கும் நடுவில் இரண்டு வரிசைகளில் சிறு எஃகுக் குண்டுகள் உருளும்.

மிதிக்கும்போது வெளிவளையத்தின் உட்பற்கள் நாக்குகளில் முட்டி உள்வளையத்தை இழுத்துச் செல்கின்றன. மிதிப்பதை நிறுத்தும்போது நாக்குகள் சாய்ந்த பற்களின் மேல் ஏறி இறங்குகின்றன. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்கும் ‘டிக் டிக்’ ஒலி இதனால் எழுவது. அந்த ஒலி மங்குவதும் நிற்பதும் பழுதின் முதல் அறிகுறிகள்.

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய கறுப்பு நிற ரோட்ஸ்டர் சைக்கிள்களில் பெரும்பாலும் 18 பல் பிரீவீல் பொருத்தப்பட்டது. முன்புறப் பற்சக்கரத்தில் 44 பற்கள் இருந்தால், பெடல் ஒருமுறை சுற்றப் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரம் கொண்ட வண்டி அந்த ஒரு சுற்றில் சுமார் ஐந்தரை மீட்டர் நகரும். அந்த ஐந்தரை மீட்டருக்கான முழு விசையும் இரண்டு சிறு நாக்குகளின் விளிம்பு வழியாகவே கடந்து செல்கிறது.

தோற்றம்

தொடக்ககால மிதிவண்டிகளில் பிரீவீல் இல்லை. 1860களில் பிரான்சில் பரவிய மிதிவண்டிகளில் பெடல் நேரடியாக முன்சக்கரத்தின் அச்சில் இருந்தது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றியாக வேண்டும். 1869இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் வான் ஆண்டன் முன்சக்கர ஹப்பில் ஒருவழிப் பல் அமைப்பை வைத்துக் காப்புரிமை பெற்றார். அது அக்காலத்தில் பரவவில்லை.

1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் ‘பாதுகாப்பு மிதிவண்டி’ இன்றைய வடிவத்துக்கு அடித்தளமிட்டது. ஏறத்தாழ சம அளவிலான இரு சக்கரங்களும், செயின் மூலம் பின்சக்கரத்துக்கு விசை தரும் முறையும் அதில் நிலைபெற்றன. ஆனால் அதிலும் பின்சக்கரப் பற்சக்கரம் ஹப்போடு இறுகப் பிணைந்திருந்தது. இறக்கத்தில் பெடல் வேகமாகச் சுழலும் என்பதால், காலைத் தூக்கி வைத்துக்கொள்ள முன்சக்கரக் கவையில் சிறு கால்தாங்கிகள் பொருத்தப்பட்டன.

1890களின் இறுதியில்தான் பிரீவீல் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வரவு இன்னொரு மாற்றத்தையும் கட்டாயமாக்கியது. பழைய வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி அழுத்தியே வேகத்தைக் குறைக்கலாம். பிரீவீல் வண்டியில் அது இயலாது. ஆகவே நம்பகமான கைப்பிரேக் தேவைப்பட்டது. இந்திய ரோட்ஸ்டர்களில் பல பத்தாண்டுகள் நிலைத்த கம்பிப் பிரேக் இந்தத் தேவையிலிருந்து பிறந்த வகைகளில் ஒன்று. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் மற்றொரு தீர்வைத் தேடினார். அவருடைய ஃபிக்டல் அண்ட் சாக்ஸ் நிறுவனம் 1903இல் வெளியிட்ட ‘டார்ப்பிடோ’ ஹப்பில் பிரீவீலும், பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் இயங்கும் பிரேக்கும் ஒரே கூட்டுக்குள் இருந்தன.

இந்தச் சிறு உறுப்பைச் செய்தவர்களில் துப்பாக்கித் தொழில் மரபிலிருந்து வந்தவர்கள் இருந்தது கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1861இல் பர்மிங்காம் துப்பாக்கிக் கொல்லர்களால் தொடங்கப்பட்டது. பின்னாளில் அது சைக்கிள் உறுப்புகளுக்கும் பிரீவீலுக்கும் பெயர் பெற்றது. ஜப்பானில் துப்பாக்கியும் கத்தியும் செய்த நீண்ட மரபுடைய சகாய் நகரில், ஷோசாபுரோ ஷிமானோ 1921இல் தொடங்கிய பட்டறையின் முதல் உற்பத்திப் பொருள் பிரீவீலே. கடினப்படுத்திய எஃகு, நுண்ணிய சுருள்வில், சிறிய ஆனால் தேயாத விளிம்பு ஆகியவை இரு தொழில்களுக்கும் பொதுவான தேவைகள்.

மரை அளவுகள்

பிரீவீல் ஹப்பில் மரை மூலம் இணைவதால், மரையின் அளவு அதன் பழுதுநீக்க வரலாற்றில் முக்கியமானது. பிரிட்டிஷ் முறையில் மரையின் விட்டம் 1.37 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 சுற்று. பிரெஞ்சு முறையில் விட்டம் 34.7 மில்லிமீட்டர், சுற்றுகளுக்கு இடைவெளி 1 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் அளவை மெட்ரிக் முறைக்கு மாற்றினால் சுமார் 34.8 மில்லிமீட்டர் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்றின் ஹப்பில் மற்றதை வலிந்து முறுக்கினால் மரை அழிந்து ஹப்பே வீணாகும்.

இந்தியாவில் சைக்கிள் இறக்குமதி பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து நடந்ததால், பிரிட்டிஷ் அளவே இங்கு வேரூன்றியது. விடுதலைக்குப் பின் தொடங்கிய உள்நாட்டு ஆலைகளும் பிரிட்டிஷ் வடிவங்களைப் பின்பற்றின. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், இடையிடையே பிரிட்டிஷார் கைப்பற்றிய காலங்கள் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவுற்றது. நிர்வாகத்திலும் சட்டத்திலும் அந்த ஆட்சியின் தடங்கள் பல எஞ்சியுள்ளன. ஆனால் இன்று எல்லையின் இருபுறமும் புழங்கும் இந்தியத் தயாரிப்புச் சைக்கிள்களில் மரை ஒன்றே. கீழவாஞ்சூரில் ஓடும் வண்டிக்கு நாகூரில் வாங்கிய பிரீவீல் பொருந்தும். உதிரி உறுப்பு எங்கும் ஒரே அளவில் கிடைப்பது சிற்றூர்ப் பழுதுநீக்கக் கடைகளுக்குப் பெரும் பலமாக அமைந்தது.

இந்தியாவில் உற்பத்தி

தமிழகத்தில் பெருமளவு சைக்கிள் உற்பத்தி அம்பத்தூரில் தொடங்கியது. முருகப்பா குடும்பத்தினரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவை நிறுவினர். ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்கள் தமிழகத்தில் வீட்டுப் பெயர்களாயின. வடக்கே 1951இல் சோனிபட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ ஆகிய நிறுவனங்கள் தோன்றின. லூதியானா சைக்கிள் உதிரி உறுப்புகளின் தலைநகரமாக வளர்ந்தது. பெடல், செயின், ஹப், பிரீவீல் எனத் தனித்தனி உறுப்பைச் செய்யும் சிறு, நடுத்தரப் பட்டறைகள் அங்கு பெருகின.

இதன் விளைவாக, சைக்கிளை எந்த நிறுவனம் செய்திருந்தாலும் அதன் பிரீவீல் பழுதானால் வேறொரு நிறுவனத்தின் பிரீவீலை மாற்ற முடிந்தது. கடைக்காரர் பல வகைகளைச் சேமித்து வைக்க வேண்டியிருக்கவில்லை. நாக்கு, சுருள், குண்டு ஆகியவையும் தனித்தனியே விற்கப்பட்டன. முழு பிரீவீலை மாற்றாமல் உள்ளுறுப்பை மட்டும் மாற்றும் பழக்கம் இதனால் வளர்ந்தது.

வாடகைக் கடைகள்

தமிழகச் சிற்றூர்களிலும் காரைக்கால் பகுதியிலும் பழுதுநீக்கும் திறன் வளர்ந்த இடம் வாடகைச் சைக்கிள் கடை. ஏறத்தாழ 1990கள் வரை மணிக் கணக்கில் சைக்கிளை வாடகைக்கு விடும் கடைகள் பேருந்து நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் பரவலாக இருந்தன. எண் எழுதிய மட்கார்டும் நோட்டுப் புத்தகத்தில் பதிவும் அவற்றின் அடையாளங்கள். வாடகை வண்டி பலர் கைப்பட்டு விரைவில் தேயும். அது ஒரு நாள் நின்றாலும் கடைக்கு இழப்பு. எனவே கடைக்காரரே பழுதுநீக்குபவராக இருந்தார், அல்லது ஒருவரை உடன் வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் எடுபிடியாகச் சேர்ந்த சிறுவர்கள் முதலில் பஞ்சர் ஒட்டவும், பிறகு சக்கரக் கோட்டம் எடுக்கவும், கடைசியாகப் பிரீவீல் திறக்கவும் கற்றனர். பிரீவீல் திறப்பது தேர்ச்சியின் அடையாளமாகக் கருதப்பட்டது. குண்டுகள் சிதறினால் தேடி எடுப்பதே ஒரு வேலையாகிவிடும்.

கீழவாஞ்சூரும் கடற்கரைச் சூழலும்

கீழவாஞ்சூர், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் உள்ள கடற்கரை ஊர். தெற்கே எல்லையைக் கடந்தால் தமிழகத்தின் நாகூர். 2009இல் செயல்படத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம் இவ்வூரில்தான் அமைந்துள்ளது.

கழிமுக நிலம் மேடுபள்ளமற்றது. கியர் இல்லாத, ஒற்றைப் பல்சக்கரச் சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் அரிது. பின்னிருக்கையில் கூடை கட்டிய மீன் வியாபாரிகளும், வயலுக்குச் செல்வோரும், எல்லையைக் கடந்து வேலைக்கும் பள்ளிக்கும் செல்வோரும் சைக்கிளை நம்பியிருந்தனர். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898இல் போடப்பட்ட ரயில் பாதை 1980களின் இறுதியில் மூடப்பட்டது. நாகூரிலிருந்து காரைக்காலுக்குப் புதிய பாதை 2011இல்தான் வந்தது. இடைப்பட்ட இரு பத்தாண்டுகளுக்கு மேல் இப்பகுதியினர் சாலையை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. குறுந்தொலைவுப் பயணங்களில் சைக்கிளின் பங்கு அதனால் பெரிது.

நிலம் சைக்கிளுக்கு ஏற்றதாக இருந்தபோதும், காற்று பிரீவீலுக்கு ஏற்றதல்ல. கடற்காற்றில் உள்ள உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் நீர் பிரீவீலின் இடுக்கு வழியே உள்ளே இறங்குகிறது. மழைக்குப் பின் வரும் மாதங்களில் நுண்மணல் சேர்கிறது. எண்ணெய், மணல், துரு மூன்றும் கலந்து கறுப்புப் பசையாகி நாக்குகளின் பள்ளத்தை அடைக்கின்றன. சுருள்வில்லின் மெல்லிய விசை இந்தப் பசையை வெல்ல முடிவதில்லை. நாக்கு பள்ளத்திலேயே படுத்துவிடுகிறது. மீன் கூடையிலிருந்து ஒழுகும் உப்பு நீர் பின்சக்கரத்தில் விழும் வண்டிகளில் இப்பழுது இன்னும் விரைவாக வரும்.

பழுதின் வகைகள்

பிரீவீல் பழுதுகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் இரு நாக்குகளும் படுத்துவிடும். பெடல் இரு திசையிலும் சும்மா சுற்றும். ஒலி இராது.

இரண்டாம் வகையில் ஒரு நாக்கு மட்டும் பற்றும், அல்லது நாக்கின் விளிம்பு தேய்ந்திருக்கும். சமநிலத்தில் ஓடும் வண்டி, பாலம் ஏறும்போதோ பாரம் ஏற்றும்போதோ திடீரென வழுக்கும். நின்றுகொண்டு மிதிப்பவர் நிலைகுலைந்து விழ நேரும். நான்கிலும் ஆபத்தானது இதுவே.

மூன்றாம் வகை எதிர்மாறானது. துருவால் இரு வளையங்களும் ஒட்டிக்கொள்ள, சக்கரத்தோடு பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான்காம் வகையில் பிரீவீல் நன்றாக இருக்க, ஹப்பின் மரை அழிந்துபோயிருக்கும்.

முதல் வகையையும் நான்காம் வகையையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. சக்கரத்தை அசையாமல் பிடித்துப் பற்சக்கரத்தை முன்னோக்கிச் சுற்ற வேண்டும். இரு சிறு துளைகள் கொண்ட உள்முகம் அசையாமல் வெளிவளையம் மட்டும் சுற்றினால் நாக்கில் குறை. உள்முகமும் சேர்ந்து சுற்றினால் ஹப்பின் மரை போய்விட்டது. அதற்கு ஹப்பை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பழுதுநீக்கும் முறை

கடைகளில் முதலில் செய்யப்படுவது கழற்றாமல் கழுவுதல். வண்டியைச் செயின் பக்கம் மேலே இருக்குமாறு சாய்த்து, உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுவர். கறுப்பு நீர் மறுபக்கம் வடியும். தெளிந்த நீர் வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வர். நாக்குகள் விடுபட்டால் ‘டிக் டிக்’ ஒலி திரும்பும். பின்னர் தையல் இயந்திரத்துக்கு விடுவது போன்ற மெல்லிய எண்ணெய் சில துளிகள் விடப்படும். கெட்டியான கிரீஸை இங்கு அடைப்பது தவறு. அது நாக்கை மீண்டும் ஒட்டவைக்கும். வீட்டில் கிடைக்கும் சமையல் எண்ணெய்களும் நாளடைவில் பிசினாகிவிடும்.

கழுவியும் பற்றாவிட்டால் கழற்ற வேண்டும். மிதிக்கும் விசை பிரீவீலை ஹப்பில் மேலும் மேலும் இறுக்குவதால், அது எளிதில் கழலாது. அதற்குரிய கழற்றியை உள்முகத்தின் பள்ளத்தில் பொருத்தி, அதை வைஸில் பிடித்து, சக்கரத்தின் ரிம்மையே கைப்பிடியாகக் கொண்டு இடஞ்சுழியாகத் திருப்புவர்.

பிரீவீலைத் திறப்பதில் ஒரு நுட்பம் உண்டு. இரு துளைகள் கொண்ட மூடியின் மரை இடமரை. வழக்கமான நட்டுக்கு நேர்மாறாக, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் அது கழலும். இதை அறியாமல் எதிர்த்திசையில் அடித்துத் துளையைச் சிதைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. மூடி கழன்றதும் குண்டுகள் உதிரும் என்பதால், தட்டு அல்லது துணியின் மேல் வைத்தே திறப்பர். உள்ளுறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி, உடைந்த சுருளையும் தேய்ந்த நாக்கையும் மாற்றுவர். வெளிவளையத்தின் உட்பற்கள் உடைந்திருந்தால் முழு பிரீவீலையும் மாற்றியாக வேண்டும்.

மீண்டும் பூட்டும்போது நாக்குகள் வெளியே நீட்டிக்கொண்டு வளையத்தை உள்ளே விடாது. இரு நாக்குகளையும் அழுத்தி, ஒரு நூலைச் சுற்றிப் பிடித்து, வெளிவளையம் உள்ளே அமர்ந்ததும் நூலை உருவிவிடுவது பழைய கைமுறை. ஒரு சாண் நூலைத் தவிர அதற்கு வேறு கருவி தேவையில்லை.

வழியில் கடை ஏதும் இல்லாதபோது செய்யும் அவசர வழி, பற்சக்கரத்தைக் கம்பியாலோ கயிற்றாலோ சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளோடு கட்டுவது. வண்டி நகரும். ஆனால் மிதிப்பதை நிறுத்த முடியாது. அந்நேரத்துக்கு அது 1885ஆம் ஆண்டு வண்டியின் நிலைக்குத் திரும்பிவிடுகிறது. மெதுவாக, வீடு சேரும் தொலைவுக்கு மட்டுமே அதை ஓட்டலாம்.

சைக்கிளும் சமூக மாற்றமும்

பிரீவீல் பழுது ஓர் இயந்திரச் சிக்கல் மட்டுமல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஏராளமான ஊரகப் பெண்கள் சைக்கிள் கற்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவுசெய்து பரவலாக அறியச் செய்தார். தண்ணீர் எடுக்கவும், விளைபொருள் விற்கவும், குழந்தையைப் பள்ளியில் விடவும் பிறரை எதிர்பாராத நிலை அப்பெண்களுக்குக் கிடைத்தது.

2001-02இல் தமிழக அரசு பதினோராம் வகுப்பு பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மாணவ மாணவியர் அனைவருக்கும் இது விரிவாக்கப்பட்டது. புதுச்சேரி அரசும் தன் பகுதி மாணவர்களுக்கு இத்தகைய திட்டத்தை நடத்தியுள்ளது.

வழங்கப்பட்ட வண்டி எத்தனை ஆண்டு ஓடும் என்பது அதைப் பழுதுபார்க்கும் வசதி அருகில் உள்ளதா என்பதைப் பொறுத்தது. டயர் பஞ்சரானால் தள்ளிக்கொண்டு போய் ஒட்டலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரீவீல் பற்றாமல் போனால் வெளியே எந்தக் குறையும் தெரியாது. வண்டியே வீணாகிவிட்டது என்று எண்ணி, திண்ணையோரம் சாய்த்துவிடுவதும் பழைய இரும்புக்குப் போடுவதும் நடக்கின்றன. ஒரு கரண்டி மண்ணெண்ணெயில் சரியாகக்கூடிய அடைப்பு, ஒரு மாணவி பள்ளிக்கு நடக்கவோ பேருந்துக்குக் காத்திருக்கவோ காரணமாகிவிடலாம்.

இன்றைய நிலை

ஷிமானோ நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஃப்ரீஹப் அமைப்பில், ஒருவழி இயக்கப் பகுதி ஹப்பின் உடலோடு சேர்ந்தது. பற்சக்கரங்கள் மட்டும் தனியே கழலும். விலையுயர்ந்த கியர் சைக்கிள்களில் இம்முறையே இன்று பரவலாக உள்ளது. அதற்குத் தனிக் கருவிகளும் அந்தந்த நிறுவனத்துக்கேற்ற உறுப்புகளும் வேண்டும். எளிய சைக்கிள்களில் மரைப் பிரீவீலே தொடர்கிறது.

வாடகைக் கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. இருசக்கர மோட்டார் வாகனங்கள் பெருகியபின் பல சைக்கிள் பட்டறைகள் அவற்றுக்கு மாறின. எஞ்சிய கடைகளிலும் பிரீவீலைத் திறந்து பார்ப்பதைவிடப் புதியதை மாற்றுவதே வழக்கமாகிவருகிறது. திறந்து சரிசெய்யும் நேரத்துக்கான கூலி புதிய பிரீவீலின் விலையை நெருங்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். நியாயவிலைக் கடைகளில் மண்ணெண்ணெய் அரிதானதும் கழுவும் பழக்கம் குறையக் காரணமானது.

ஆயினும் மரைப் பிரீவீலின் அடிப்படை அமைப்பு ஒரு நூற்றாண்டாகப் பெரிதும் மாறவில்லை. இரண்டு நாக்கு, இரண்டு சுருள், இரு வரிசைக் குண்டு, ஓர் இடமரை மூடி என்ற அளவில் அது இன்றும் திறந்து பார்க்கக்கூடியது. உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊர்களில், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை கழுவி மெல்லிய எண்ணெய் விட்டால் இப்பழுதின் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும்.